முப்பத்தேழாவது வாரம்

நண்டு கம்பெனியில்
தராசின் சிவப்பு எண்கள் ஆடி நின்ற பிறகுதான்
கூலி எழுதுவார்கள்.
எனக்குள் இருப்பது நிற்கவே மாட்டேன் என்கிறது.
ராத்திரி ஒரு பக்கம் இறங்கும்,
விடிந்தால் மறுபக்கம்.

அவித்துக் காயப்போட்ட பழைய வேட்டி.
கொதித்த நூல்.
உறை பிரிக்காத பிளேடு.
இவ்வளவுதான் என்றாள் பிரகாசி மதினி.
மூன்றையும் அவள் பெற்றது இந்த அறையில்.
அவள் வயிற்றில் கோடு இல்லை.

என் கோடு கீழே, குறுக்காக.
மழை வந்தால் அரிக்கும்.
நான்கு வருடம் முன்பு, ராமநாதபுரத்தில்,
‘பெத்துக்க வந்தியா கத்த வந்தியா’ என்று
தொடையில் விழுந்த அடிக்கும்
கித்தேரியான் போட்ட கையெழுத்துக்கும் நடுவே
எப்போதோ அது முடிவாகியிருந்தது.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
பச்சைத் துணிக்கு அந்தப்புறம்
சாயல்குடி கடைசி பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
ஜோவிட்டாவின் முதல் அழுகை
அடுத்த வீட்டு ரேடியோ மாதிரிக் கேட்டது.

ஆகவே இந்த முறை இங்கேயே.
சொல்லிப் பார்க்க வாய்க்கு நன்றாயிருக்கிறது.
இங்கேயே. ஒருத்தரும் வேண்டாம்.
குந்தி உட்காரலாம்.
கத்தினால் கோழிகள் எழும், அவ்வளவுதான்.

செண்பகவள்ளி நர்சம்மா வந்த அன்று
கொல்லைவழியே போய்ப் பனைகளுக்குள் நின்றேன்.
அட்டையை வேலியில் செருகிவிட்டுப் போயிருந்தாள்.
சிவப்பு மையில் ‘முந்தைய சிசேரியன்’.
கீழே அவள் போன் நம்பர்,
மூன்றா எட்டா என்று குழம்பாமலிருக்க
ஓர் எண்ணை அடித்துத் திரும்ப எழுதி.
ஐந்தாம் மாதமே சொன்னாள்:
‘பழைய தையல் விடுறது
நூறு பேர்ல ஒருத்திக்கு இருந்தா அதிகம்.
ஆனா அந்த ஒருத்திக்கு நேரம் இருக்காதுடி.’

நேற்று கித்தேரியான் நண்டுவலை பார்த்துக்கொண்டிருந்தான்.
போன மாசம் பொத்திய இடம், நீல நூல்.
‘பொத்துன எடம் திரும்பக் கிழியுமா?’
வலையைத்தான் கேட்கிறேன் என்று நினைத்தான்.
‘அன்னைக்கு என்ன மாட்டுதோ அதப் பொறுத்தது.
வருசக்கணக்குலயும் தாங்கும்.
பெரிய திருக்கை விழுந்துச்சுன்னா
நாம பாக்குறதுக்குள்ள முடிஞ்சுரும்.’
நூலைப் பல்லால் கடித்தான்.

இரண்டு மணிக்கு அவனை எழுப்பினேன்.
‘பைக்க எடு. பெரியாஸ்பத்திரி கேட் வரைக்கும் போ.
போய்ச் சேந்ததும் போன் பண்ணு.’
‘ஊருல மாங்கா கேப்பாளுக,
இவ கேட்டைக் கேக்குறா’ என்று முனகிக்கொண்டே போனான்.

சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டேன்.
இப்போது தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.
இப்போது விட்டுவிட்டது என்று.
ஜோவிட்டா தூக்கத்தில் புரண்டாள்.
களிமண்குண்டில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.
பனை விசிறியின் மட்டைகளை எண்ணினேன்,
ஓட்டின் ஓட்டைகளை எண்ணினேன்,
உள்ளே இருப்பது ஒருமுறை உதைத்தது, இரண்டுமுறை,
பிறகு வெகுநேரம் இல்லை.
போன் அடித்தபோது
முப்பத்தெட்டு நிமிடம்.
நூற்றியெட்டு என்றால்
வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று.

காலையில் அட்டையிலிருந்த நம்பரை அழுத்தினேன்.
‘வர்றேன்க்கா. ஆனா கேக்கணும்.’
‘யாரக் கேக்கணும்?’
‘என்னைய.
கத்தி வைக்கிறதுக்கு முன்னால. என்னைய.’
அங்கே ஒரு ஸ்கூட்டர் அணைந்தது.
‘டூட்டி டாக்டர் யாருன்னு பாத்துச் சொல்றேன்.
நானும் கூட வர்றேன்.
சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்.’

மதினியிடம் இன்னும் சொல்லவில்லை.
வேட்டியை மடித்துப் பையில் வைத்தேன்,
எங்கே பெற்றாலும் துணி வேண்டும்.
நூலை வைக்கவா என்று கையில் பிடித்தபடி நின்றேன்.

பிளேடைக் காணோம்.
கதவுக்குப் பின்னால் ஜோவிட்டா,
சுற்றிலும் பென்சில் சுருள்,
ஒரு விரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு.
ஏன்டி என்னையக் கேக்கல என்றேன்.

‘கேட்டா நீ குடுக்க மாட்ட.’